வன்னியில் பன்னம் வளர்ப்பவர்கள் யார் யார்? புத்தகம், வித்தி, ஆட்கள் எங்கே கிடைக்கும்?

கனகராயன் (புளியங்குளம்)

வணக்கம் உறவுகளே. வன்னிக்குள் பன்னம் (ஆங்கிலத்தில் ஃபேர்ன்) வளர்ப்பதில் ஆசை உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வீட்டுக்குப் பின்னால் மாமரத்தின் கீழ் பச்சை வலை கட்டிச் சாடிகளில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நெப்ரோலெப்பிஸ் வகை. ஒரு சாடியில் பறவைக்கூட்டுப் பன்னம், இன்னொன்றில் கறுப்புக் காம்பும் மெல்லிய இலையும் உள்ள அடியாண்டம்.

மாரியில் ஒரு கவலையும் இல்லை, தானாகவே வளரும். வைகாசி பிறந்து, காய்ந்த மேல்காற்றான கச்சான் வீசத் தொடங்கினால்தான் கஷ்டம். காலையும் மாலையும் தண்ணி ஊற்றினாலும் இலை நுனி கருகுகிறது. அடியாண்டம் ஒரே கிழமையில் சுருண்டுவிடும்.

தேடினால் கிடைக்கிற ஆலோசனை எல்லாம் நுவரெலியாவுக்கோ ஊட்டிக்கோ இங்கிலாந்துக்கோ எழுதியவை. ‘குளிர்ச்சியான, ஈரமான இடத்தில் வையுங்கள்’ என்று அவர்கள் சொல்வது அந்த ஊர்களுக்குச் சரி. ஆடி மாத வன்னிக்கு என்ன செய்வது என்று சொல்ல ஆள் வேண்டும். புத்தகம், செடி வாங்குகிற இடம், பெயர் கண்டுபிடிக்கிற வழி, ஒன்றாகச் சேர்ந்து கதைக்கிற குழு, எது தெரிந்தாலும் எழுதுங்கள்.

சுபா ரீச்சர் (வவுனியா)

கனகராயன் அண்ணை, நல்ல வேலை செய்தீர்கள். நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் நெப்ரோலெப்பிஸ் இருப்பதால் வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டச் செடி தேடுவேன். அப்படித்தான் எனக்கும் இந்த ஆசை பிடித்தது.

முதலில் புத்தகம். இலங்கைப் பன்னங்களுக்கு முழுமையான நூல் என்றால் இலங்கைத் தாவரங்கள் பற்றிய திருத்திய கைநூல் தொகுதியின் 15ஆவது பாகம். 2006இல் வந்தது, பன்னங்களும் அவற்றின் உறவுத் தாவரங்களும் மட்டும்தான் அதில். ஆங்கிலத்தில் இருக்கிறது, விலையும் அதிகம், ஆகவே பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்ப்பதுதான் நடைமுறை. இலவசமாக வேண்டுமென்றால் பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1883இல் வெளியிட்ட கைநூல் இருக்கிறது. இந்தியா, இலங்கை, மலாயா மூன்றுக்கும் சேர்த்து எழுதியது. பயோடைவர்சிற்றி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணையத்தளத்தில் முழுவதும் வாசிக்கலாம். கோட்டுப் படங்கள் மிக வடிவானவை. இலைக்குப் பின்னால் வித்திப் பொட்டுகள் (வித்தி என்பது விதைக்குப் பதிலாகப் பன்னம் பரப்பும் நுண்தூள்) எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று படத்தோடு ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: அதில் உள்ள பெயர்கள் பல இப்போது மாறிவிட்டன. கியூ தாவரவியல் பூங்காவின் இணையத்தளத்தில் பழைய பெயரைப் போட்டால் இன்றைய பெயரைக் காட்டும்.

பெயர் கண்டுபிடிக்க ஐநச்சுரலிஸ்ற் என்ற செயலி உதவும். ஆனால் மேலே நின்று ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டால் யாராலும் சொல்ல முடியாது. முழுச் செடி, இலையின் பின்பக்கம் கிட்டத்தில், காம்பின் அடியில் உள்ள செதில், முளைத்திருக்கும் இடம் என்று நாலு படமும் போடுங்கள். பன்னத்தின் அடையாளம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஏ9 வீதி நேரே கண்டிக்குத்தான் போகிறது. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. அங்கே பன்னங்களுக்கென்று தனிக் கூடம் இருக்கிறது, தேசிய உலர்தாவரச் சேகரிப்பும் அங்கேதான். மலைக்கு மேலே போனால் ஹக்கல பூங்கா. அங்குள்ள பன்னத் தோட்டத்தைப் பார்த்தால் வர மனம் வராது. ஆனால் அங்கே பார்த்ததை எல்லாம் இங்கே வளர்க்க ஆசைப்படாதீர்கள். இலங்கையில் 300க்கு மேற்பட்ட பன்ன இனங்கள் இருந்தாலும் பெரும்பங்கு ஈர வலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. நமக்குச் சரிவருகிறவை சில. அந்தச் சிலவற்றை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் நமக்குப் பிரயோசனம்.

மயூரன் வட்டக்கச்சி

நானும் இருக்கிறேன் அண்ணை. என்னிடம் பொஸ்ரன் பன்னம் மட்டும்தான். இலை நுனி கருகுவது எனக்கும் அதே பிரச்சினை. சாடியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிகிறது, உரம் கூடிவிட்டதா?

கிணற்றடி (மல்லாவி)

தம்பி மயூரன், அது உரம் இல்லை, தண்ணி. நம் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைதான் சாடியிலும் படிகிறது. ஊற்ற ஊற்ற மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், கோடையில் ஆவியாகிறபோது இன்னும் செறியும். நுனி கருகுவதற்குக் காற்று ஒரு காரணம் என்றால் இது அடுத்தது.

செய்ய வேண்டியது லேசு. மாரியில் கூரைத் தண்ணியைப் பிடித்து வையுங்கள். பெரிய பரல் ஒன்று, மேலே வலையும் மூடியும். மூடாமல் விட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும், அதில் விளையாட வேண்டாம். அந்தத் தண்ணியைக் கோடை முழுவதற்கும் காணும்படி சேர்க்க முடியாதுதான். ஆகவே அடியாண்டம் போன்ற நோஞ்சான்களுக்கு மட்டும் மழைத் தண்ணி, மற்றவற்றுக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றுங்கள். இடைக்கிடை சாடியின் அடித்துவாரத்தால் வழிந்தோடும்படி நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கூடாது, அது உப்பை மேலேயே நிற்கவைக்கும்.

இனி நான் சொல்ல வந்தது. சுண்ணாம்புத் தண்ணிக்குப் பயப்படாத பன்னமும் இருக்கிறது, அதை வாங்க எங்கும் போகவும் தேவையில்லை. பழைய கட்டுக்கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். செங்கல்லுக்கு இடையில் சாந்து உதிர்ந்த வெடிப்புகளில், தண்ணி மட்டத்துக்கு மேலே, நீட்டு நீட்டாக ஓலை போன்ற சிற்றிலைகளோடு ஒன்று தொங்கும். ஒவ்வொரு சிற்றிலையின் இரண்டு ஓரத்திலும் ஊசியால் கோடு கீறினது போல மண்ணிற விளிம்பு இருக்கும், அதுதான் வித்தி. காம்பின் அடியில் மெல்லிய செதில்கள் அடர்ந்திருக்கும். ரீச்சர் படம் பார்த்து பிடேரிஸ் விற்றேற்றா என்று சொன்னார். சுண்ணாம்புதான் அதற்கு இஷ்டமான இடம். சில கிணறுகளில் பக்கத்திலேயே அடியாண்டமும் நிற்கும். அந்த வகை அடியாண்டமும் சுண்ணாம்பைத் தாங்கும், அதற்கு ஆகாதது காய்ந்த காற்றுத்தான். கிணற்றுக்குள் காற்று அடிக்காது, ஈரம் எப்போதும் நிற்கும், வெயில் நண்பகலில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும். இந்த மூன்றையும் வீட்டில் செய்து கொடுத்தால் நமக்குச் சரிவருகிற பன்னங்கள் நிற்கும்.

என் வீட்டில் நிலத்தை ஒரு முழம் தாழ்த்தி, சுற்றிவரச் செங்கல் வைத்து, மேற்குப் பக்கம் கிடுகு வேலி அடைத்து, மேலே 70 வீத நிழல் வலை போட்டிருக்கிறேன். சாடிகள் அந்தப் பள்ளத்துக்குள். அடியில் உடைந்த ஓடு பரப்பி அதை நனைத்து வைப்பேன். கச்சான் மேலால் போய்விடும்.

கனகராயன்

கிணற்றடி ஐயா, இதைத்தான் தேடினேன். மேற்கு வேலி என்ற ஒரு சொல்லுக்காகவே இழை தொடங்கினது காணும். நான் வலையை மேலே மட்டும் கட்டி விட்டேன், மேற்குப் பக்கம் வெளியாகத்தான் கிடக்கிறது. நாளைக்கே அடைக்கிறேன்.

இன்னொரு கேள்வி. கிணற்றில் உள்ளதைப் பிடுங்காமல் வித்தியில் இருந்து முளைக்க வைக்க முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

தாரணி அறிவியல்நகர்

அண்ணா, நான் கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படிக்கிறேன். செய்திருக்கிறேன், பிடேரிஸ்தான் தொடங்குவதற்கு லேசானது.

வித்தி பச்சையாக இருக்கும்போது எடுக்காதீர்கள், மண்ணிறமாகி மினுங்குகிற நேரம் பார்த்து ஒரு இலைத் துண்டை வெட்டுங்கள். இரண்டு வெள்ளைக் கடதாசிக்கு நடுவில் வைத்து, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் விடுங்கள். அடுத்த நாள் கடதாசியில் தூள் கொட்டிக் கிடக்கும். அதில் உமியும் கலந்திருக்கும். கடதாசியைச் சரித்து மெதுவாகத் தட்டினால் உமி உருண்டு விழும், வித்தி கடதாசியோடு ஒட்டி நிற்கும். இதைச் செய்யாமல் விட்டால் உமியில் இருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

தேங்காய்த் தும்புத்தூளை நாலைந்து தண்ணியில் கழுவுங்கள், அதிலும் உப்பு இருக்கிறது. கொஞ்சம் மெல்லிய ஆற்றுமணல் கலந்து, மூடி போடக்கூடிய தெளிவான பிளாஸ்ரிக் பெட்டியில் இரண்டு விரல் தடிப்புக்குப் போட்டு, கொதிதண்ணியை ஊற்றி மூடி ஆறவிடுங்கள். ஆறினதும் வித்தியை மிக மெல்லியதாகத் தூவி, மூடி, வெயில் நேரே விழாத விறாந்தையில் வையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், ஆசைக்கும் திறக்க வேண்டாம்.

சில கிழமைகளில் பச்சைப் பாசி மாதிரி ஒரு படலம் வரும். பாசி என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள், கொட்டாதீர்கள். அது பிறகு சின்ன விரல் நகத்தை விடச் சிறிய, இதய வடிவத் தகடுகளாக மாறும். படிப்பில் புரோதலசு என்று வருமே, அதுதான். ஆண் அணு நீந்திப் போய்த்தான் பெண் அணுவை அடைய முடியும், ஆகவே அந்தக் கட்டத்தில் கொதித்து ஆறின தண்ணியை மெல்லிய புகாராகத் தெளிக்க வேண்டும். தண்ணிப் படலம் இல்லாவிட்டால் தகடு தகடாகவே நிற்கும், பன்னம் வராது. முதல் குட்டி இலை வர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகு மூடியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

மயூரன் அண்ணாவின் பொஸ்ரன் பன்னத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அது 1894இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துக்குப் போன செடிகளுக்குள் தற்செயலாகக் கண்டெடுத்த வகை. அதன் வித்தி முளைக்காது. ஓடுதண்டைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும், அதுவும் மாரி தொடங்கும்போது.

கண்ணாடிப் போத்தலுக்குள் வளர்க்கிறதையும் யோசியுங்கள். லண்டனில் வார்ட் என்ற வைத்தியர், ஊர்ப் புகையில் பன்னங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1829இல் பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். அந்த மண்ணில் இருந்து தானாகவே ஒரு பன்னம் முளைத்து நின்றது. அங்கே பிரச்சினை கரிப்புகை, இங்கே கச்சான். மூடின போத்தலுக்குள் இரண்டுமே போக முடியாது. ஜாம் போத்தல், பழைய மீன்தொட்டி எல்லாம் பாவிக்கலாம், வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே அவிந்துவிடும்.

குறொய்டன் ரவி

வணக்கம். பிறந்து வளர்ந்தது முள்ளியவளை, இப்போது லண்டனுக்குக் கிட்ட. இந்த இழையை வாசிக்க மிகவும் சந்தோசமாக இருக்கிறது.

இங்கே பிரித்தானியப் பன்னச் சங்கம் இருக்கிறது. 1891இல் கெண்டல் என்ற ஊரில் தொடங்கி இன்னும் நடக்கிறது. உறுப்பினர்களுக்குள் வித்தி பரிமாறுகிற ஒழுங்கு உண்டு. வெளிநாட்டில் இருந்தும் உறுப்பினராகலாம். அவர்களுடைய ஃபேர்ன் கசெற் என்ற ஆய்விதழின் பழைய பிரதிகளை இணையத்தில் வாசிக்கலாம், இலங்கைப் பன்னங்கள் பற்றிய கட்டுரைகளும் அவற்றுக்குள் கிடக்கும். அமெரிக்கப் பன்னச் சங்கம் 1893இல் தொடங்கியது, அவர்களிடமும் வித்தி வங்கி இருக்கிறது. இரண்டிலும் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். வயதான, அனுபவமுள்ள ஆட்கள் நிறைய.

யாருக்காவது வித்தி வேண்டுமென்றால் சொல்லுங்கள். கடித உறைக்குள் வைத்து அனுப்பலாம், அல்லது ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

சுபா ரீச்சர்

ரவி அண்ணை, உங்கள் மனசு பெரிது. ஆனால் அப்படி அனுப்ப வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செடி, விதை, நடுகைப் பொருள் எதுவும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வரக் கூடாது. விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுக்காப்புப் பிரிவில்தான் அனுமதி எடுக்க வேண்டும். உறையில் ஒளித்து அனுப்புவது சின்ன விசயமாகத் தெரியலாம்.

சின்ன விசயம் இல்லை என்பதற்கு நம் குளங்களிலேயே சாட்சி இருக்கிறது. சல்வீனியாவும் ஒரு பன்னம்தான். பிரேசில் நாட்டுக்குரியது. 1939இல் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்து தப்பி, வாய்க்காலையும் குளத்தையும் வயலையும் மூடியது. அதற்கு வித்தியால் பெருகும் வல்லமையே இல்லை, ஒடிந்த துண்டில் இருந்தே பெருகி இவ்வளவும் செய்தது. கடைசியில் 1980களில் அதைத் தின்னும் வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டுத்தான் பல இடங்களில் கட்டுப்படுத்தினார்கள். தொட்டி அலங்காரத்துக்கு என்று அதை யாராவது தந்தால் வாங்காதீர்கள், வைத்திருப்பவர்கள் குளத்தில் கொட்டாதீர்கள்.

மரப்பன்னங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. ரவி அண்ணை, உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி அறிவுதான். அங்குள்ளவர்களிடம் வறண்ட இடத்துப் பன்னங்கள் பற்றிக் கேட்டுத் தமிழில் இங்கே எழுதுங்கள்.

குறொய்டன் ரவி

சரி ரீச்சர், விளங்குகிறது. வித்தி அனுப்பும் கதையை விடுகிறேன். வறண்ட பாறைப் பன்னங்கள் பற்றி அவர்களிடம் விசாரித்து எழுதுகிறேன்.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வணக்கம். எங்கள் ஊரில் பெரணி என்போம், தமிழ்நாட்டு வீடியோ, கட்டுரை தேடும்போது அந்தச் சொல்லையும் போட்டுப் பாருங்கள், நிறைய வரும்.

நம்ம பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி பெரணி ஆராய்ச்சிக்குப் பெயர் போனது. அருட்தந்தை மாணிக்கமும் இருதயராஜும் சேர்ந்து எழுதிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகள் பற்றிய நூல் 1992இல் வந்தது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான இனங்கள் ஏராளம் என்பதால் உங்களுக்கும் உதவும். இந்தியப் பெரணிச் சங்கம் 1983இல் தொடங்கியது, தனி ஆய்விதழும் உண்டு. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பெரணி வீடு இருக்கிறது. வயநாட்டில் குருகுலா தாவரவியல் சரணாலயம் என்று ஒன்று, காட்டில் அழிந்துவரும் பெரணிகளை நட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

வன்னி மாதிரி வறண்ட பூமிக்கு என் பரிந்துரை டிரைனாரியா. இங்கே கொல்லிமலைக்குப் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்பார்கள், சூப் வைத்துக் குடிப்பார்கள், அந்தச் செடிதான். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும். அதற்கு இரண்டு வகை இலை. ஒன்று பச்சையாக நீண்டு வளர்வது. மற்றது அடியில் தட்டையாக மண்ணிறத்தில் கிடப்பது, செத்த இலை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். மேலிருந்து விழும் சருகைப் பிடித்து அழுகவைத்து அதுதான் செடிக்குச் சாப்பாடு போடுகிறது. கோடையில் பச்சை இலை உதிர்ந்தாலும் கிழங்கு உயிரோடு இருக்கும்.

மயூரன் வட்டக்கச்சி

அந்த மண்ணிற இலையை ஒவ்வொரு முறையும் வெட்டிக் குப்பையில் போடுகிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சொல்கிறேன்.

அசோலாவும் பன்னமா? எங்கள் ஆட்கள் கோழிக்குப் போட வளர்க்கிறார்கள்.

தாரணி அறிவியல்நகர்

ஓம் அண்ணா, அசோலாவும் பன்னம். அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது, அதனால்தான் வயலுக்கு உரமாகவும் கோழிக்குத் தீனியாகவும் பாவிக்கிறார்கள். நம் வீடுகளில் சாப்பிடும் ஆரைக்கீரையும் பன்னம்தான், நாலு இலை இருப்பதால் யாரும் அப்படி நினைப்பதில்லை. குளம் வற்றும் சேற்றில் ஆரையின் காம்படியைத் தோண்டிப் பாருங்கள். அவரை விதை மாதிரிக் கறுத்த கெட்டிப் பெட்டிகள் இருக்கும். வித்தி அதற்குள். மழை வரும்வரை அந்தப் பெட்டி வருடக்கணக்கில் காத்திருக்கும்.

நந்திக்கடல் வாசன்

கடற்கரைப் பக்கத்துக் கதையையும் சேருங்கள். களப்பு ஓரக் கண்டல்களுக்குள் ஆள் உயரத்துக்கு நிற்பது அக்ரோஸ்ரிக்கம் என்ற பன்னம். உவர்த் தண்ணியில் நிற்கிற பன்னம் என்றால் நம்ப மாட்டார்கள். இலையின் மேல்நுனிச் சிற்றிலைகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் பொட்டு இல்லாமல் ஒரே மண்ணிறம், தடவினால் வெல்வெற் சீலை போல இருக்கும். கிணற்றுத் தண்ணி உவராக உள்ளவர்கள் இதைப் பெரிய தொட்டியில் முயற்சி செய்யலாம்.

ஆனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பன்னம் தேடுகிறோம் என்று பற்றைக்குள்ளும் காட்டுக்குள்ளும் கைவிட்ட வளவுகளுக்குள்ளும் இறங்காதீர்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் மிதிவெடிப் பலகை நிற்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. பலகை இல்லாத இடத்தையும் ஊர் ஆட்களிடம் கேட்காமல் நம்பக் கூடாது. பாழ் கிணறு விளிம்பு இடிந்து விழும், உள்ளே பாம்பு இருக்கும். படம் எடுக்க எட்டிப் பார்ப்பதற்கும் ஒருவர் துணை வேண்டும். காட்டுக்குள் யானை. வன இலாகாவின் நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு இலையும் எடுக்கக் கூடாது.

சுதன் நெடுங்கேணி

அண்ணை, எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு கவனமாக இருந்தால் செடி எங்கிருந்து வரும்? ஒரு நேர்சரியில் வாங்கினேன், எந்த ஊரில் வளர்த்தது என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. மலைநாட்டுச் செடியாகத்தான் இருக்கும், இரண்டு மாதம் தாங்கவில்லை. காட்டில் ஒரு வேரை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கிணற்றடி

தம்பி சுதன், ஒருவர் எடுத்தால் குறையாது, குழு சேர்ந்த பிறகு எடுத்தால் குறையும். இந்த இழையை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இடத்தைச் சொல்லி, பிடுங்கலாம் என்றும் சொன்னால் அடுத்த மாரிக்கு அந்தக் கிணற்றில் ஒன்றும் இருக்காது. பிடுங்கின பெரிய செடி வீட்டில் நிற்பதும் குறைவு, வேர் வெடிப்புக்குள் நெருங்கிப் பிடித்திருக்கும், பாதி அறுந்துதான் வரும். ஒரு சிற்றிலைத் துண்டு எடுத்தால் செடிக்கும் சேதம் இல்லை, தாரணி சொன்ன மாதிரி நூற்றுக்கணக்கில் முளைக்கும். அது பிறந்ததில் இருந்தே உங்கள் தண்ணியைக் குடித்து வளர்ந்த செடியாக இருக்கும். அதுதான் தாங்கும்.

நேர்சரியில் வாங்கினால் உடனே வெளியில் வைக்காதீர்கள். தெளிவான பொலித்தீன் பையால் மூடி, நிழலில் வைத்து, கிழமைக்குக் கொஞ்சமாகப் பையைத் திறந்து பழக்குங்கள். வாங்குவது என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். சித்திரையில் வாங்குவது வீண்காசு.

சுபா ரீச்சர்

ஐயா சொன்னதோடு ஒன்று. கிணற்றுப் பிடேரிஸை யாரும் கீரையாகவோ மருந்தாகவோ சாப்பிட வேண்டாம். மண்ணில் ஆசனிக்கு என்ற நஞ்சு இருந்தால் அதை உறிஞ்சி இலையில் சேர்க்கும் வல்லமை அந்தப் பன்னத்துக்கு உண்டு என்று 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வளர்த்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

சரி, குழு விசயம். முகநூலில் செடிக் குழுக்கள் நிறைய, பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். சேர்ந்து வையுங்கள், அழகான செடிகளைப் பார்க்கலாம், பெயரும் கேட்கலாம். ஆனால் கச்சானுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே பதில் வராது, அவர்கள் கச்சானைக் கண்டதில்லை. பிரித்தானியச் சங்கமும் அப்படித்தான். நமக்கு வேண்டியது இதே காற்றும் இதே தண்ணியும் உள்ள ஆட்கள். இந்த இழையிலேயே புளியங்குளம், வட்டக்கச்சி, மல்லாவி, நெடுங்கேணி, நந்திக்கடல் என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். இதை விடப் பெரிய குழு தொடக்கத்துக்குத் தேவையில்லை.

பயிர் நோய், பூச்சி என்று ஏதாவது வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் கதைப்பார்கள். பன்னத்தைப் பற்றி ஆழமாகத் தெரியாவிட்டாலும் செதில்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் வழி சொல்வார்கள். கார்த்திகையில் மரநடுகை மாதத்தை ஒட்டி நல்லூர்ப் பக்கம் மலர்க் கண்காட்சி நடக்கும், அங்கே வருகிற நேர்சரிக்காரர்களிடம் பன்னம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அவர்களும் கொண்டுவருவார்கள்.

கனகராயன்

எல்லோருக்கும் நன்றி. இனி வட்ஸ்அப் குழு தொடங்கலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். தொடங்கலாம், ஆனால் பதில்களை இங்கேயும் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் போட்டது அடுத்த கிழமை மேலே போய்விடும், புதிதாக வருகிறவருக்குக் கிடைக்காது. தாரணியின் வித்தி முறையும் ஐயாவின் பள்ளத் தோட்டமும் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும்.

அடுத்தது, கார்த்திகை மழை பிடித்த பிறகு வவுனியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செடி மாற்றிக்கொள்வோம். அந்தக் காலத்தில் பஸ்ஸில் கொண்டுபோனாலும் செடி வாடாது. காசுக்கு விற்பனை வேண்டாம், மாற்றுவது மட்டும். காட்டில் இருந்து பிடுங்கினதையும் சல்வீனியாவையும் யாரும் கொண்டுவர வேண்டாம். நான் நெப்ரோலெப்பிஸ் ஓடுதண்டுகளைப் பிரித்துச் சின்னப் பைகளில் வைக்கிறேன், கேட்பவர்கள் எல்லோருக்கும் காணும்.

தாரணி அறிவியல்நகர்

நான் பிடேரிஸ் குட்டிகள் கொண்டுவருகிறேன். மூடின பெட்டியில் புரோதலசு நிலையில் உள்ளதையும் காட்டக் கொண்டுவருவேன், பாசி எது, பன்னம் எது என்று கண்ணால் பார்த்தால் மறக்காது. ரீச்சர், உங்கள் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள்.

கிணற்றடி

நானும் வருவேன். கோடையில் மேலே முழுவதும் காய்ந்துபோய் மாரிக்குத் திரும்ப முளைக்கும் அடியாண்டம் ஒன்று என்னிடம் இருக்கிறது, இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் எல்லாம் குட்டி வைக்கும். அதைத் தருகிறேன். வாங்குகிறவர்கள் ஆனியில் காய்ந்ததும் செத்துவிட்டது என்று சாடியைக் கொட்டிவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கொண்டுவருகிற ஒவ்வொரு செடியிலும் ஒரு துண்டு கட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊர், கிணற்றுத் தண்ணியா மழைத் தண்ணியா, கடந்த கச்சானை வெளியில் தாங்கினதா உள்ளே வைத்திருந்ததா, இவ்வளவும் எழுதினால் போதும்.

சுதன் நெடுங்கேணி

நானும் வருகிறேன் ஐயா. என்னிடம் மாற்றத் தர இப்போது செடி ஒன்றும் இல்லை. தும்புத்தூள் இரண்டு உரப்பை கொண்டுவருகிறேன், கழுவிக் காயவைத்தது.